பதினாறு பக்கக் கணக்கு

கொட்டிவாக்கத்தில் கடற்கரைக்குப் போகும் தெரு ஒன்றில், ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் இயங்கும் சிறு பதிப்பகத்தில்தான் தொழில் பழகினேன். அதை நடத்தும் அக்கா முதல் பாடத்தை ஒரு வெள்ளைத் தாளில் தொடங்கினார். மூன்று முறை மடித்தார். எட்டு இலை, 16 பக்கம். “இதுதான் ஒரு ஃபாரம். அச்சுக்கூலி, பேப்பர், பைண்டிங் எல்லாக் கணக்கும் இதுலேருந்துதான்” என்றார்.

டெமி அளவில் 160 பக்கம் என்றால் சரியாகப் பத்து ஃபாரம். 164 ஆனால் அந்த நாலு பக்கத்துக்காகத் தனியாகத் தாள் ஓட்ட வேண்டும். அத்தியாயத் தொடக்கங்களைச் சற்று மேலே ஏற்றியும், வரி இடைவெளியை நூலளவு குறைத்தும் அந்த நாலு பக்கத்தை உள்ளே இழுக்கக் கற்றுக்கொடுத்தார். வாசகரின் கண் வலிக்காத அளவுக்குத்தான் குறைக்கலாம் என்பது கூடவே வந்த விதி.

அடுத்தது விலை. 200 ரூபாய் புத்தகம் என்று வைத்துக்கொள்வோம். விற்பனையாளருக்கு 35 சதவீதம் கழிவு என்றால் 70 ரூபாய் போய்விடும். எழுத்தாளருக்கு 10 சதவீத ராயல்டி, 20 ரூபாய். மீதி 110 ரூபாயில்தான் அச்சு, மெய்ப்பு, அட்டை ஓவியம், வாடகை, விற்காமல் தங்கும் பிரதி எல்லாம் அடங்க வேண்டும். அதனால் தயாரிப்புச் செலவைப் போல நாலு மடங்குக்குக் குறையாமல் விலை வைப்பது அக்காவின் வழக்கம். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. காகிதத்துக்கு உண்டு. அந்த வரியைத் திரும்பப் பெற வழியில்லாததால் அதுவும் தயாரிப்புச் செலவில்தான் சேரும்.

எத்தனை பிரதி அடிப்பது என்பதில்தான் தொழிலின் உயிரே இருக்கிறது. ஆயிரம் பிரதி அடித்தால் ஒரு பிரதியின் அடக்கவிலை குறையும். ஆனால் பணம் முழுவதும் கட்டுக்கட்டாக அறையில் உட்கார்ந்துவிடும். எங்கள் பகுதியில் உப்புக்காற்று வேறு. தரையில் வைத்தால் அடிக்கட்டு ஈரம் குடித்து அலையலையாக வளைந்துவிடும். மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்க வேண்டும். ஜனவரிப் புத்தகக் காட்சிவரை என்ன விற்கும் என்று பார்த்து முந்நூறு அடி, தீர்ந்தால் மறுபடி அடி என்பார் அக்கா. நூலக ஆணை வந்தால் மகிழ்ச்சி. அதை நம்பி எண்ணிக்கையை ஏற்றக் கூடாது.

பக்கத்துத் திருவான்மியூரில் இயங்கிய க்ரியாவைத்தான் அடிக்கடி எடுத்துக்காட்டுவார். எஸ். ராமகிருஷ்ணன் 1974இல் தொடங்கிய பதிப்பகம். அதன் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வெளிவந்தது. விரிவாக்கிய பதிப்பு 2008இல், அடுத்தது 2020இல். ஒரே நூலை இத்தனை ஆண்டுகள் திருத்தித் திருத்திச் சந்தையில் வைத்திருந்தார்கள். புதுப் புத்தகம் பேர் வாங்கித் தரும், பழைய புத்தகம்தான் வாடகை கொடுக்கும் என்பதை அங்கிருந்துதான் புரிந்துகொண்டேன். மறுபதிப்புக்கு வரும் நூலுக்கு எடிட்டிங் செலவு முன்பே தீர்ந்திருக்கும். ஆகவே முதல் பதிப்பில் எடிட்டிங்குக்குக் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. பிழை மலிந்த நூல் இரண்டாம் பதிப்பைப் பார்ப்பதில்லை.

கடைசியாகக் கற்றது காகித வேலை. எழுத்தாளரோடு ஒப்பந்தம் எழுதும்போது வெளியிடும் உரிமை எவ்வளவு காலத்துக்கு என்று குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அந்த உரிமை ஐந்தாண்டுக்குத்தான் செல்லும். ஐஎஸ்பிஎன் எண் இந்தியாவில் இலவசமாகவே கிடைக்கிறது. நூல் வெளிவந்த முப்பது நாளுக்குள் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் பிரதி அனுப்புவது சட்டக் கடமை. நாளை நம் பதிப்பகமே இல்லாமல் போனாலும் நூல் அங்கே இருக்கும்.

பதிப்பகம் தொடங்க நினைக்கும் நண்பர்களுக்கு ஒரே வேண்டுகோள். மார்ச் மாதம் கணக்கு முடிக்கும்போது, ஐந்து பிரதிதான் விற்றிருந்தாலும், எழுத்தாளருக்கு எண்ணிக்கையோடு ராயல்டிக் கணக்கை அனுப்பிவிடுங்கள். தமிழில் எழுதுகிறவர்கள் பதிப்பாளரிடம் எதிர்பார்க்கும் முதல் மரியாதை அதுதான். அடுத்த கையெழுத்துப் பிரதி உங்களைத் தேடி வருவதும் அதனால்தான்.