போய்ச் சேர்ந்த நாள்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஒரு பாத்திரம் பாரமாகிவிட்டால், நாலு நாள் காய்ச்சலை வரவழைத்து ஆளை அனுப்பிவிடலாம். வாசகர்களும் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு அடுத்த அத்தியாயத்தைப் புரட்டுவார்கள். ஆனால், "அவன் புறப்பட்டுப் போனான், அப்புறம் தகவலே இல்லை" என்று எழுதிப் பாருங்கள். அடுத்த வாரமே கடிதங்கள் வந்து குவியும். இறந்தவனை மறந்துவிடுவார்கள், காணாமல் போனவனை மட்டும் விடமாட்டார்கள்.

வாழ்க்கைக்கு இந்தப் பயமெல்லாம் கிடையாது. 2016 ஜூலை 22 காலையில் தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து போர்ட் பிளேருக்கு ஏஎன்-32 விமானம் ஒன்று கிளம்பிற்று. உள்ளே 29 பேர். புதிய வழியல்ல, வழக்கமாகப் போய்வருகிற தடம்தான். வங்கக் கடலுக்கு மேலே போனது, ரேடாரிலிருந்து மறைந்தது. கப்பல்கள் தேடின, விமானங்கள் தேடின, நீர்மூழ்கிக் கப்பலும் தேடிற்று. ஒன்றும் அகப்படவில்லை. செப்டம்பரில், 29 பேரும் இறந்துவிட்டதாகக் கருதப்படுவதாக அறிவித்தார்கள்.

'கருதப்படுவதாக' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். அலுவலகக் கோப்புக்கு அது போதும். வீட்டில் விளக்கேற்றுகிறவளுக்குப் போதுமா?

2014 மார்ச் 8-ல், பெய்ஜிங் போவதற்காகக் கோலாலம்பூரில் 239 பேரோடு புறப்பட்ட மலேசிய விமானமும் இப்படித்தான் மறைந்தது. மறு வருஷம் ரீயூனியன் தீவில் அதன் இறக்கைத் துண்டு ஒன்று கரையொதுங்கிற்று. கடலில் விழுந்தது என்று சொல்ல அது போதும். கதையை முடிக்கப் போதாது.

மலேயாவும் காத்திருப்பும் செட்டிநாட்டுக்குப் புதியவை அல்ல. குன்றக்குடி மலையடியில் எங்கள் தெருவில் ஓர் ஆச்சி இருந்தார். அவர் கணவர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போனவர். 1941-ல் ஜப்பான்காரன் வந்தான், கடிதம் நின்றது. யுத்தம் முடிந்தும் மனிதர் வரவில்லை. பல வருஷம் கழித்து உறவினர் ஒருவர், "இனியாவது ஒரு திவசம் கொடுத்துவிடுங்களேன், ஆச்சி" என்று மெல்லச் சொன்னார். ஆச்சி கோபப்படவில்லை.

"அவுக கப்பலேறின நாள் தெரியும், போய்ச் சேர்ந்த நாள் தெரியாதே, அப்பா!" என்றார்.

எந்தத் துறைமுகத்தில் போய்ச் சேர்ந்த நாளைச் சொன்னார், அல்லது எந்த உலகத்துக்கு என்று, கேட்டவருக்கு விளங்கவில்லை. அப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

2024 ஜனவரியில் ஒரு செய்தி வந்தது. சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி, கரையிலிருந்து 140 கடல் மைல் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில், ஏஎன்-32-இன் சிதைவுகளைப் படமெடுத்திருந்தது. "ஏழரை வருஷம் கழித்து நாலு தகரத் துண்டைப் பார்த்து யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார்.

நியாயமான கேள்விதான். அந்தப் படங்கள் விழுந்த இடத்தைச் சொல்கின்றனவே தவிர, விழுந்த காரணத்தைச் சொல்லவில்லை. போனவர்களையும் திருப்பித் தரவில்லை. ஆனாலும் அந்த 29 வீடுகளில், அகாலத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டால் இனி யாரும் பதறியடித்து எழுந்து ஓட வேண்டாம். கடற்கரையில் நின்று, கிழக்கே பார்த்து, ஒரு பிடி பூவை அலையில் விடலாம்.