புல்லுவிளையும் அடிமலத்துறையும்

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, விழிஞ்ஞத்தைத் தாண்டிய கடற்கரையில் அடிமலத்துறை, புல்லுவிளை என்னும் மீனவ ஊர்கள் இருக்கின்றன. (பெயர்களிலேயே பழைய தென் திருவிதாங்கூரின் தமிழ் ஒட்டிக்கொண்டிருக்கிறது.) 2016 ஆகஸ்டில் புல்லுவிளைக் கடற்கரையில் 65 வயது மூதாட்டி ஒருவரைத் தெருநாய்க் கூட்டம் கடித்துக் கொன்றது. மறு ஆண்டு அதே ஊரில் மீனவர் ஒருவரும் அவ்வாறே இறந்தார். 2021 ஜூனில் அடிமலத்துறையில், படகின் அடியில் படுத்துக்கிடந்த புரூனோ என்ற வளர்ப்பு நாயைச் சிலர் அடித்துக் கொன்று கடலில் வீசினர். கேரள உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்த வழக்குக்கு அந்த நாயின் பெயரையே சூட்டியது.

விலங்கு நலம் பேசுவோர் புரூனோவை மட்டும் நினைவுகூர்கின்றனர். நாய்களை ஒழிக்கச் சொல்வோர் புல்லுவிளையை மட்டும். இரு தரப்பும் கேட்கத் தவறும் கேள்வி ஒன்றுதான்: நாய் ஏன் கடிக்கிறது?

தமிழில் கடித்த நாயெல்லாம் எளிதில் ‘வெறிநாய்’ ஆகிவிடுகிறது. ரேபிஸ் ஒரு நோய்; ஆக்ரோஷம் ஒரு நடத்தை. அச்சம், வலி, உணவையோ குட்டியையோ காக்கும் முனைப்பு ஆகியவையே பெரும்பாலும் அதன் வேர்கள். கழிவு குவியும் இடத்தில் நாய்கள் திரளும். திரளில் ஒன்று பாய்ந்தால், தனியே இருந்தால் விலகிப்போயிருக்கக்கூடிய நாயும் உடன் பாயும்.

வீட்டு நாயின் கதை வேறு. நகரத்து வாயிற்கதவுகளில் ‘பட்டியுண்டு, சூக்ஷிக்குக’ என்ற பலகையைக் காணலாம். உள்ளே சில வீடுகளில் அந்தப் ‘பட்டி’ பகல் முழுதும் சங்கிலியில் கிடக்கும். அஞ்சிய உயிருக்கு விலகி ஓடுவதே முதல் வழி. சங்கிலி அதை அடைத்துவிடுகிறது. முகத்தைத் திருப்புதல், உதட்டை நக்குதல், உடல் விறைத்தல், உறுமல் என நாய் படிப்படியாக எச்சரிக்கிறது. உறுமியதற்காக அதை அடித்தால் உறுமல் நிற்கும், அச்சம் நிற்காது. பிறகு ஒருநாள் ‘திடீரெனக் கடித்துவிட்டது’ என்பார்கள்.

‘நாய்க்குத் தலைவன் யாரென்று காட்ட வேண்டும்’ என்னும் அறிவுரைக்கு அறிவியல் வேடமும் உண்டு. 1947இல் ருடால்ஃப் ஷெங்கெல் அடைத்துவைக்கப்பட்ட ஓநாய்களிடையே கண்ட ஆதிக்கப் போட்டியை டேவிட் மெக்கின் 1970ஆம் ஆண்டு நூல் பரப்பியது. காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, குட்டிகள் கொண்ட குடும்பமே என்று 1999இல் அவரே திருத்தி எழுதினார். திருத்தம் பயிற்சியாளர் பலரை இன்னும் எட்டவில்லை.

நடத்தையை மாற்றும் பணி விறுவிறுப்பற்றது. முதலில் கால்நடை மருத்துவர், வலி ஏதும் உண்டா என்று பார்க்க வேண்டும். பின்னர், அந்நியரைக் கண்டு சீறும் நாய்க்கு, அது சீறாத தொலைவில் அந்நியர் தென்படும்போதெல்லாம் விருப்பமான உணவு தரப்படும். வாரக்கணக்கில் தொலைவு மெல்லக் குறைக்கப்படும். பாவ்லோவின் நாய்களுக்கு மணியோசை உணவின் அறிகுறியானதுபோல, அந்நியரின் வருகை நல்லதொன்றின் அறிகுறியாகிறது. இடையில் ஓர் அடி விழுந்தால் பல நாள் உழைப்பு வீண்.

புல்லுவிளைக்கு இந்தச் சிகிச்சை பொருந்தாது. அங்கே சங்கிலியும் இல்லை, உரிமையாளரும் இல்லை. அங்கு வேண்டியவை கழிவகற்றலும், கருத்தடையும், தடுப்பூசியும். பின்னிரண்டையும் 2001இன் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளும், அவற்றுக்கு மாற்றாக வந்த 2023இன் விதிகளும் உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பில் வைத்திருக்கின்றன. விடியுமுன் கடற்கரைக்குச் செல்லும் முதியவரிடம் நாயின் உடல்மொழியைப் படிக்கச் சொல்வது, அந்தப் பொறுப்பை அவர் தோளில் ஏற்றுவதாகும்.