கிட்டைக் கூப்பிடுவது யார்?

சர்வர் பார்க்கும் வேலையில் இருப்பவர்களுக்கு 1.8.3.1 என்ற எண் மனப்பாடம். செண்ட்ஓஎஸ் 7 இயங்குதளம் தன்னோடு கொண்டுவந்த கிட் (Git) மென்பொருளின் பதிப்பு அது, 2013இல் வெளியானது. ரெட்ஹாட் அந்த எண்ணை மாற்றாமலே பாதுகாப்புத் திருத்தங்களை உள்ளே சேர்த்துக் கொடுத்து வந்தது. 2024 ஜூன் 30ஆம் திகதியோடு அதுவும் நின்றது. ஆனால் சர்வர்கள் நிற்கவில்லை. வேலணையில் வீட்டிலிருந்தபடி நான் பார்த்துக்கொள்ளும் சர்வர்களிலும் அப்படியானவை உண்டு.

இயங்குதளத்தையே மாற்றுவதுதான் சரியான வைத்தியம். அதற்குக் காசும் காலமும் கூடிவரும் வரைக்கும் கிட்டையாவது புதுப்பித்துத் தாருங்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கிட் ஸ்விட்ச், கிட் ரிஸ்டோர் இரண்டும் 2019இல் 2.23 உடன் வந்த கட்டளைகள். இப்போது படித்துவிட்டு வரும் பிள்ளைகளின் கை அவற்றுக்குத்தான் பழகியிருக்கிறது.

முதலில் எந்தப் பதிப்பு என்று தீர்மானிக்க வேண்டும். ஆகப் புதியது இங்கே எடுபடாது. 2025 ஜனவரியில் வந்த 2.48 தொடங்கி, கிட் லிப்கர்ல் 7.61ஐயும் பேர்ல் 5.26ஐயும் எதிர்பார்க்கிறது. செண்ட்ஓஎஸ் 7இல் இருப்பவை 7.29உம் 5.16உம். ஆகவே அதற்கு முந்திய வரிசை ஒன்றில், கடைசியாகப் பாதுகாப்புத் திருத்தம் கண்ட பதிப்பை எடுப்பேன். மூலநிரலைக் கெர்னல் தளத்திலிருந்து இறக்கி, செக்சம் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் விரிப்பேன். கம்பைல் முழுவதும் டிமக்ஸ் உள்ளே நடக்கும். தீவுப்பக்கத்தில் கரண்டும் இணைப்பும் எந்த நேரம் போகும் என்று சொல்லமுடியாது. என் பக்கம் அறுந்தாலும் சர்வரில் வேலை ஓடிக்கொண்டிருக்கும்.

கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. லிப்கர்ல்-டெவல் பொதி இல்லாத சர்வரில் கன்ஃபிகர் ஓட்டினால், எச்டிடிபிஎஸ் பகுதியை விட்டுவிட்டு, பிழை எதுவும் காட்டாமல் கிட் கட்டி முடிந்துவிடும். பிறகு யாரோ குளோன் செய்யப் போகும்போதுதான் குறை தெரியும்.

புதியதை /யூஎஸ்ஆர்/லோக்கல் கீழே வைப்பேன். பழையதில் கை வைக்கமாட்டேன். வைத்ததும் கிட் --வெர்ஷன் புதிய எண்ணைக் காட்டும். அந்த எண் எனது ஷெல்லுக்கு மட்டும்தான் உண்மை. அதே சர்வரில் கிட்டைக் கூப்பிடுகிறவர்கள் வேறும் பலர். சூடோ தனக்கென்று ஒரு பாதைப் பட்டியல் வைத்திருக்கிறது. செண்ட்ஓஎஸ் 7இல் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் அதில் இல்லை. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் பார்ப்பது /யூஎஸ்ஆர்/பின், /பின் இரண்டையும்தான். சில மென்பொருள்கள் பழைய கிட்டின் முழு முகவரியையே தங்கள் அமைப்புக் கோப்பில் எழுதி வைத்திருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் வருகிறவரும் காரைநகரிலிருந்து கடல் கடந்து வருகிறவரும் ஊர்காவற்றுறையில் முதலில் காண்பது வெவ்வேறு இடங்களை. வந்த வழி எதுவோ அதைப் பொறுத்தே கண்ணில் படும் கிட்டும்.

ஆகையால் ஒவ்வொரு வழியாகவும் நானே போய்ப் பார்ப்பேன். டைப் -ஏ கிட் என்று அடித்தால் ஷெல் கண்ட கிட் எல்லாம் வரிசையாக வரும். சூடோவோடு ஒரு தடவை பதிப்பைக் கேட்பேன். கிரானில் தற்காலிகமாக ஒரு வரி போட்டு, அது காணும் பதிப்பைக் கோப்பில் எழுத வைப்பேன். எஸ்எஸ்எச் ஊடாக உள்நுழையாமல் கட்டளையை மட்டும் அனுப்பிக் கேட்பேன். பழைய எண் வந்த வழியில் பாதையைத் திருத்துவேன். இத்தனையும் ஒரே எண்ணைச் சொன்னால்தான் புதுப்பித்தல் முடிந்தது என்பேன்.

ஒரே எண் வந்த பிறகு, பழைய கிட் பேசாமல் விட்டதைப் புதியது கேட்கத் தொடங்கும். 2022 ஏப்ரலில் வந்த 2.35.2 முதல், ஓர் அடைவு வேறொரு பயனருக்கு உரியதென்றால் கிட் அதில் வேலை செய்ய மறுக்கிறது. நேற்றுவரை ஒழுங்காக ஓடிய இரவு வேலை இதனால் நின்றுபோகலாம். எல்லா அடைவும் பாதுகாப்பானது என்று நட்சத்திரக் குறி போட்டு வாயடைப்பது சுலபம். அப்படிச் செய்தால் புதுப்பித்ததன் பயனில் பாதியைத் தூக்கி எறிகிறோம். எந்தப் பயனர் அந்த வேலையை ஓட்டவேண்டும் என்று கேட்டு, அடைவின் உரிமையைச் சீர்செய்வதே முறை.

தமிழில் கோப்புப் பெயர் வைக்கிறவர்களுக்காக இன்னொன்றும் செய்வேன். கிட் ஸ்டேட்டஸ் அந்தப் பெயர்களை \340\256 என்று எண்களாகக் கொட்டும். கோர்.கோட்பாத் என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் எழுத்துகள் எழுத்துகளாகவே தெரியும். தன் மொழியில் பெயரிட்ட கோப்பைத் தன் மொழியிலேயே வாசிக்க ஒருவருக்கு உரிமை உண்டு.

கடைசியில், கட்டிய பதிப்பு, தெரிவுகள், வைத்த இடம், நீக்கும் முறை எல்லாவற்றையும் அந்தச் சர்வரிலேயே ஒரு கோப்பில் எழுதி வைப்பேன். பொதிகளை நிறுவும் யம் இந்தக் கிட்டை அறியாது; அடுத்த பாதுகாப்புத் திருத்தத்தை அது கொண்டுவரப்போவதில்லை. மூலநிரலிலிருந்து கட்டியவர் அந்தப் பொறுப்பையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறார். புதிய கிட் வெளியீடு ஒவ்வொன்றின் குறிப்பையும் நான் வாசிப்பது அதனால்தான்; சர்வர் புதிய இயங்குதளத்துக்கு மாறும் வரைக்கும் வாசித்தே ஆகவேண்டும்.