தகரப் பெட்டியில் ஒரு கடிதம்

சேதராப்பட்டில் எங்கள் பாட்டியார் 1994இல் வஃபாத்தான பின், அவர்களின் தகரப் பெட்டியில் அரபுத்தமிழ்க் கடிதமொன்று கிடைத்தது. அக்காலப் பெண்டிர் அறிந்திருந்த அவ்வெழுத்தை எங்கள் வீட்டில் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. மலேயாவில் வேறு குடும்பம் தேடிக்கொண்டாரென ஊரார் இகழ்ந்த என் பாட்டனார், 1943இலேயே சயாம் இரயில் பாதை வேலையில் வாந்திபேதியால் மவுத்தானதை, உடனிருந்து மீண்ட நண்பர் 1946இல் எழுதியிருந்தார்.

ஜப்பானியர் அமைத்த அந்த 415 கிலோமீட்டர் பாதையில், மலேயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். நேசநாட்டுப் போர்வீரர்க்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவரில் பெரும்பாலோர்க்கு ஓர் அடையாளக் கல்லும் இல்லை.

கேட்டதும் அத்தா விம்மினார்கள். "அந்த ஆண்டு அம்மா, உடம்புக்கு ஆகவில்லையென்று மாதக்கணக்கில் வாசற்படி தாண்டவில்லை. அது இத்தாவா!" என்றார்கள்.

மகனுக்காகக் காத்துக் கிடந்த மாமியாரின் உள்ளம் உடையுமென்றே பாட்டியார் மறைத்திருப்பார்கள். அக்கருணையை நான் குறை கூறேன். ஆயினும் மாமியார் மறைந்த பின்னும் மௌனம் நீடித்தது. குற்றமற்ற ஒருவர்மீது ஐம்பதாண்டுக் காலம் பழி நின்றது. அன்றிரவு அத்தா யாசீன் ஓதி, தம் தந்தையின் பெயரை முதன்முறையாக வாய்விட்டுச் சொல்லி துஆச் செய்தார்கள்.

அன்பர்களே, வீட்டிலுள்ள அரபுத்தமிழ்க் காகிதங்களைப் பழையவை என்று எரித்துவிடாதீர்கள். அவற்றுள் ஒருவருடைய மானம் இருக்கலாம்.