சிவந்துபோன அப்பாயி!

"ஏம்ப்பா, உங்க அப்பாயி வரவரச் செவந்துகிட்டே போறாளே... எனக்குத்தான் கண்ணு சரியில்லையா?"

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப தாத்தா கேட்ட கேள்வி. அப்பாயி இறந்து நாலு வருஷம் ஆச்சு. அவர் சொன்னது சுவத்துல தொங்குற போட்டோவை!

கொல்லிமலை அடிவாரத்துல, துறையூர் பக்கம் இருக்கற புளியஞ்சோலைதான் எங்க ஊர். மேலே ஆகாய கங்கையா விழுற அய்யாறு, எங்க ஊர்ப் பாறைகளுக்கு நடுவுல ஓடி வரும். அந்தத் தண்ணியில காலை விட்டுக்கிட்டு அப்பாயி வாய்விட்டுச் சிரிச்ச போட்டோ அது. கேமராவைப் பார்த்தாலே 'உம்'முனு ஆயிடுற மனுஷி. சிரிச்ச போட்டோ இது ஒண்ணுதான். நான் பத்தாவது படிக்கறப்ப எடுத்தது. 'பிளாக் அண்ட் ஒயிட்னா கெத்து'னு மாத்தி, ஒரு கடையில அறுபது ரூபாய்க்கு பிரின்ட் போட்டேன். அஞ்சே வருஷத்துல செங்கல் கலர்!

பக்கத்துலயே 1971-ல எடுத்த அவங்க கல்யாண போட்டோ. கறுப்பு கறுப்பாவே இருக்கு. "நீயெல்லாம் இன்ஜினீயரிங் படிச்சு..."னு அப்பா வேற குத்தினார். ரோஷம் வந்து தேட ஆரம்பிச்சேன்.

பழைய போட்டோவுல இருக்கறது வெள்ளித் துகள். உலோகம். என் பிரின்ட்ல இருந்தது 'டை' இங்க். தண்ணியில சர்க்கரை மாதிரி கரைஞ்ச சாயம். வெயில், காத்துல இருக்கற ஓசோன், ஈரம்... மூணும் அதுக்கு எதிரி. நான் மாட்டினது ஆத்தோர வீட்டுல, ஜன்னலுக்கு எதிர்ல, கண்ணாடி இல்லாம. உருப்படுமா?

இன்னொரு கூத்தும் இருக்கு. பளபளப்பான பேப்பர்ல, பல பிரின்டர்கள் கறுப்பு இங்க்கை மட்டும் நம்பி சாம்பல் நிறத்தைக் கொண்டுவர்றதில்லை. நீலம், சிவப்பு, மஞ்சளைக் கலந்துதான் போடும். மூணும் ஒரே வேகத்துல வெளுக்காது. நீலம் முந்திக்கிட்டுப் போச்சுன்னா, மிச்சம் செவப்பு! கலர் போட்டோன்னா சட்டுனு தெரியாது. கறுப்பு வெள்ளையில மாட்டிக்கும்.

இதுக்கு மாத்து, 'பிக்மென்ட்' இங்க். கரையாத நுண்துகள்கள். அதுல கறுப்புங்கறது கார்பன், அதாவது கரி! 2005-ல எப்சன் கொண்டுவந்த 'அல்ட்ராகுரோம் கே3' இங்க்ல கறுப்பு, வெளிர் கறுப்பு, அதைவிட வெளிர் கறுப்புனு மூணு. சாம்பலுக்காகக் கலரைக் கலக்கற வேலை குறைஞ்சது. அமெரிக்காவுல ஜான் கோன்ங்கறவர் 'பீசோகிராஃபி'னு, கறுப்பு, சாம்பல் இங்க்குகளை மட்டுமே வச்சு அச்சடிக்கற முறையையே உருவாக்கினார்.

படிச்சா மட்டும் போதுமா? ஹாஸ்டல் நண்பனோட டை பிரின்டர்ல ஒண்ணு, திருச்சியில பிக்மென்ட் பிரின்டர் வச்சிருக்கற ஸ்டுடியோவுல ஒண்ணுனு ஒரே படத்தை ரெண்டு பிரின்ட் எடுத்தேன். ரெண்டுலயும் பாதியை அலுமினியத் தாளால மூடி, மேற்கு பார்த்த ஜன்னல்ல ஒட்டினேன். மூணு மாசம். ரூம்மேட்ஸ் கலாய்ச்சதைத் தனியா எழுதணும்! பிரிச்சுப் பார்த்தா, டை பிரின்ட்ல நடுவுல கோடு போட்ட மாதிரி ரெண்டு நிறம். பிக்மென்ட்ல என் கண்ணுக்கு வித்தியாசமே தெரியலை.

நீங்களும் முயற்சி பண்றதா இருந்தா, சில விஷயம். டை பிரின்டர்ல பிக்மென்ட் இங்க்கை ஊத்திடாதீங்க, ஹெட் அடைச்சுக்கும். அமிலமில்லாத பருத்திப் பேப்பர் நல்லது. கண்ணாடி போட்டு, வெயில் படாத சுவத்துல மாட்டுங்க. முக்கியமா, ஃபைலைத் தொலைச்சுடாதீங்க. எனக்கு அப்பாவோட பழைய மெமரி கார்டு கைகொடுத்துச்சு.

புது பிரின்டுக்கு ஆன செலவு அறுநூறு ரூபாய். ஒரு மாச டீ, பஜ்ஜி கட்! லீவுல கொண்டுபோய் மாட்டினேன். தாத்தா கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இப்பத்தான்பா அவ நெறத்துக்கு வந்திருக்கா. இது என்ன மை?"

"கரிதான் தாத்தா. அப்பாயி விளக்குல புடிச்சு எனக்குக் கண்மை வெச்சுவிடுவாங்களே, அந்தக் கரிதான்!"

தாத்தா சிரிச்சார். சுவத்துல அப்பாயியும்.