கூரையை அறுக்கும் முன்...

பழைய ஃபோக்ஸ்வேகன் கேம்பர் வேனைப் படத்திலாவது பார்க்காதவர்கள் குறைவு. மூக்கில் பெரிய வட்ட முத்திரை, மேல் பாதி வெள்ளை, கீழ் பாதி ஆரஞ்சோ பச்சையோ, ஜன்னல்களில் குட்டித் திரைச்சீலைகள். பின்னணியில் கட்டாயம் ஒரு கடல் இருக்கும்! அந்தப் படங்களில் தெரியாத விஷயம் ஒன்று தான். வண்டிக்கு உள்ளே இருக்கும் புழுக்கம்.

1947ல் பென் பான் என்ற டச்சு வியாபாரி ஒரு நோட்டுப் புத்தகத்தில் கிறுக்கிய படத்திலிருந்து பிறந்த வண்டி இது. 1950ல் தயாரிப்பு தொடங்கியது. அடுத்த வருடமே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்குள் படுக்கையும் அலமாரியும் வைத்து ஓடும் வீடாக்கிவிட்டது. 1967ல் வந்த இரண்டாம் தலைமுறைக்கு முன்னால் ஒரே வளைந்த கண்ணாடி. ஜெர்மனியில் 1979 வரைக்கும், பிரேசிலில் 2013 வரைக்கும் அந்தத் தலைமுறை உருண்டுகொண்டிருந்தது. இன்று கூடாரத் திடல்களில் ஆசையோடு பார்க்கப்படும் வண்டிகளில் பல இந்த இரண்டாம் தலைமுறை தான்.

அப்படிப்பட்ட 1973ஆம் வருடத்து வண்டி ஒன்று இங்கிலாந்தில் ஒரு குடும்பத்திடம் இருக்கிறது. தூக்கும் கூரை கிடையாது, முழுக்க இரும்புக் கூரை. அப்பா, பள்ளியில் படிக்கும் மகள், எழுபதைத் தாண்டிய பாட்டி என்று மூன்று பேர். வருடத்தில் பத்து நாள் அந்த வண்டியில் ஊர் சுற்றுவது தான் அவர்களுக்குத் தீபாவளி, பொங்கல் எல்லாம். வண்டியை முதலில் வாங்கியவர் பாட்டியின் கணவர். அதனால் பாட்டி இல்லாமல் அந்த வண்டி கிளம்புவதில்லை.

2022 ஜூலை 18ஆம் தேதி இரவு அவர்கள் லிங்கன்ஷயரில் ஒரு திடலில் இருந்தார்கள். பிரிட்டனின் வானிலைத் துறை தன் வரலாற்றில் முதல்முறையாக வெப்பத்துக்கு சிவப்பு எச்சரிக்கை கொடுத்திருந்த இரண்டு நாட்களில் அது முதல் நாள். மறுநாள் அதே லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவாகி, அந்த நாட்டின் சாதனை ஆனது. 40 டிகிரி என்றால் வேலூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் வேலூரில் யாரும் மூடிய தகரப் பெட்டிக்குள் படுத்துத் தூங்குவதில்லையே!

இரவு இரண்டு மணிக்குப் பாட்டிக்குத் தலை சுற்றியது. எழுந்து உட்கார முடியவில்லை. இருவரும் தாங்கிப் பிடித்து வெளியே மடக்கு நாற்காலியில் உட்காரவைத்து, ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தார்கள். விடியும் வரை பாட்டி புல்வெளியிலேயே இருந்தார். காலையில் அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "இனிமே நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கப்பா, நான் வீட்டிலேயே இருந்துக்கிறேன்."

பாட்டி பிகு செய்யவில்லை. வயதானால் உடம்பு வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் திறன் குறைகிறது. அந்த 2022 கோடையின் வெப்ப நாட்களில் இங்கிலாந்தில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் மட்டும் 2,800 பேருக்கு மேல் வழக்கத்தை விடக் கூடுதலாக இறந்தார்கள் என்று அரசின் சுகாதாரப் பாதுகாப்பு அமைப்பு மதிப்பிட்டது.

ஊர் திரும்பியதும் அப்பா செய்த முதல் காரியம், இரும்பு அறுக்கும் ஒரு மின்ரம்பம் வாங்கியது. திட்டம் எளிது. கூரை நடுவில் ஒரு சதுர ஓட்டை, அதில் ஒரு ஃபேன். முடிந்தது கதை!

அங்கே தான் மகள் ஒரு கேள்வி கேட்டாள்.

"ஃபேன் காத்தை வெளியே தள்ளும், சரி. உள்ளே எது வழியா வரும்ப்பா?"

அப்பாவிடம் பதில் இல்லை. மகள் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி வண்டிக்குள் பிடித்தாள். படுக்கைக்கு மேலே இருந்த நழுவு ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. புகை நேராக எழுந்து, கூரையைத் தொட்டு, அங்கேயே வட்டம் போட்டது. பிறகு ஓட்டுநர் கதவில் இருக்கும் முக்கோணக் குட்டி ஜன்னலைத் திறக்கப் போனாள். அது நகரவில்லை. பல வருடமாகத் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. எண்ணெய் விட்டு, தட்டி, ஒரு வழியாகத் திறந்ததும் புகை மெல்லச் சாய்ந்து, பின்பக்க ஜன்னலை நோக்கி நடக்க ஆரம்பித்தது.

காற்றோட்டம் என்பது ஒரு ஓட்டை அல்ல, இரண்டு ஓட்டை. ஒன்று நுழைய, ஒன்று வெளியேற. நுழைவது தாழ்வாகவும் நிழல் பக்கத்திலும் இருக்கவேண்டும், வெளியேறுவது உயரத்தில் இருக்கவேண்டும். சூடான காற்று லேசானது, தானாகவே மேலே போகும். இரண்டில் எது சிறியதோ அது தான் மொத்த ஓட்டத்தையும் தீர்மானிக்கும். நுழையும் வழி அடைபட்டிருந்தால் கூரையில் எவ்வளவு பெரிய ஃபேன் வைத்தாலும் அது சத்தம் தான் போடும்.

அடுத்த சில வாரம் அப்பாவும் மகளும் செய்தது புதிதாக எதையும் சேர்க்கும் வேலை அல்ல. ஏற்கனவே இருந்ததைக் கண்டுபிடிக்கும் வேலை.

முன்கண்ணாடிக்குக் கீழே வண்டியின் மூக்கில் ஒரு கம்பித் தடுப்பு உண்டு. வெளிக்காற்று அதன் வழியாக உள்ளே வரும். அதைத் திறந்து மூடும் தகடுகளின் கம்பிகள் இறுகிக் கிடந்தன, ஓரத்து நுரைப்பஞ்சு பொடியாக உதிர்ந்திருந்தது. அதைச் சரி செய்தார்கள். (வண்டி ஓடும்போது தான் இதனால் முழுப் பயன். நின்றுவிட்டால் இதை நம்ப முடியாது.) அடுப்புக்குக் கீழே தரையில் ஒரு ஓட்டை இருந்தது. யாரோ எப்போதோ குளிருக்கு பயந்து அதன் மேல் கம்பளம் ஒட்டியிருந்தார்கள். இது வெறும் புழுக்கப் பிரச்சினை இல்லை. சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் தரையில் தான் தேங்கும், அது வடிந்து போகத்தான் அந்த ஓட்டையே! கம்பளத்தைக் கிழித்து, பூச்சி வராமல் இருக்கக் கம்பிவலை அடித்தார்கள்.

இன்னொன்றும் தெரிந்தது. இந்த வண்டிக்கு எஞ்சின் பின்னால். அதற்கு மேலே தான் படுக்கையின் தலைமாட்டுப் பகுதி. நாலு மணிநேரம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினால், காற்றால் குளிரும் அந்த எஞ்சின் தன் சூட்டையெல்லாம் மெதுவாக மேலே அனுப்பும். அன்றிரவு பாட்டி தலைவைத்துப் படுத்தது அந்த அடுப்பின் மேல்! இதற்குத் தீர்வு காசில்லாதது. சாயங்காலமே வந்து சேர்வது, நிறுத்தியதும் எஞ்சின் மூடியைத் திறந்து வைப்பது, பாட்டி தலையை முன்பக்கமாக வைத்துப் படுப்பது.

வெயிலைப் பொறுத்தவரை, உள்ளே வந்த பிறகு தடுப்பதில் அதிக லாபம் இல்லை. நல்ல வெயிலில் நேராக விழும் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் வெப்பம், அதாவது ஒரு அயர்ன் பாக்ஸ் அளவு. கண்ணாடி அந்த வெளிச்சத்தை உள்ளே விட்டுவிடும், உள்ளே கிளம்பும் சூட்டை வெளியே விடாது. உள்பக்கத் திரைச்சீலை கண்ணாடியைத் தாண்டி வந்த வெயிலைத்தான் தடுக்கிறது. வெளிப்பக்கம் போர்த்தும் வெள்ளித் துணி வாசலிலேயே நிறுத்துகிறது. அதனால் வெயில் படும் பக்கத்து ஜன்னல்களுக்கு வெளியே மாட்டுகிற மாதிரி துணி தைத்தார்கள்.

சரி, காற்றே அசையாத இரவில் என்ன செய்வது? அதற்குக் கொஞ்சம் கணக்கு தேவைப்பட்டது.

தூங்கும் ஒரு மனிதர் ஏறக்குறைய 75 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். மூன்று பேருக்கு 225 வாட். உள்ளே இருக்கும் சூடு வெளியை விட 3 டிகிரிக்கு மேல் ஏறாமல் இருக்க, மணிக்கு சுமார் 225 கன மீட்டர் காற்று மாறவேண்டும். வண்டிக்குள் ஏழெட்டு கன மீட்டருக்கு மேல் இடம் இல்லை. ஆக, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மொத்தக் காற்றும் புதிதாகவேண்டும். கேட்க பயமாக இருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் 120 மில்லிமீட்டர் ஃபேன் தடையில்லாத இடத்தில் மணிக்கு 100 கன மீட்டர் அளவுக்குத் தள்ளும். ஜன்னலும் கொசுவலையும் அதைக் குறைக்கும் என்றாலும், இரண்டு வைத்தால் பாதித் தூரத்துக்கு மேல் வந்துவிடலாம். மீதியைத் திறந்த ஜன்னல்கள் பார்த்துக்கொள்ளும்.

செலவு? இரண்டு ஃபேனும் சேர்ந்து 5 வாட். எட்டு மணிநேரத்துக்கு 40 வாட்-மணி. 12 வோல்ட் பேட்டரியில் 3.3 ஆம்பியர்-மணி தான். 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியை மட்டும் செலவழித்தாலும் 15 இரவு ஓடும். 500 வாட் எடுக்கும் ஒரு சின்ன ஏசி அதே எட்டு மணிநேரம் இடைவிடாமல் ஓடினால் 333 ஆம்பியர்-மணி. மூன்று பேட்டரியைக் காலி செய்தும் விடியாது!

மகள் நழுவு ஜன்னலின் இடைவெளிக்கு அளவெடுத்து ஒரு பலகை அறுத்தாள். அதில் இரண்டு ஃபேன், வெளியே தள்ளும் திசையில். காற்று நுழைய முன்கதவுகளின் முக்கோண ஜன்னல்கள். அப்போது காற்று வண்டியின் நீளம் முழுக்க நடந்து, படுத்திருப்பவர்களைத் தடவிக்கொண்டு போகும். வேண்டாம் என்றால் பலகையைக் கழற்றி அலமாரியில் வைக்கலாம், வண்டியில் ஒரு ஆணித் துளை கூட இல்லை. கூடவே ஒரு லாபம். மூன்று பேர் இரவு முழுக்க மூச்சிலும் வியர்வையிலும் விடும் ஈரம் சுமார் ஒரு லிட்டர். அதுவும் வெளியே போய்விடும். பழைய இரும்புக்கு ஈரம் தானே முதல் எதிரி.

இரண்டு விதிகளைக் கதவின் உட்பக்கம் எழுதி ஒட்டினார்கள். ஒன்று, எஞ்சின் ஓடும்போது பின்கதவு திறந்திருக்கக்கூடாது. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறையும், சைலன்சர் புகை அப்படியே உள்ளே இழுக்கப்படும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, அதனால் ஒரு அலாரமும் மாட்டினார்கள். இரண்டு, எச்சரிக்கை சிவப்பாக இருந்தால் பயணமே கிடையாது. காற்றோட்டம் வெளிக்காற்றைத்தான் உள்ளே கொண்டுவரும், அதைக் குளிரவைக்காது. வெளியே 40 டிகிரி என்றால் ஃபேன் கொண்டுவருவதும் 40 டிகிரி தான். அன்று பாட்டிக்குத் தேவை கல் கட்டடத்தின் நிழல், வேன் அல்ல.

வணிகவியலில் முடிவுகளை இரண்டாகப் பிரிப்பார்கள். திரும்ப மாற்றிக்கொள்ளக் கூடியவை, கூடாதவை. ஜன்னலில் வைத்த பலகை முதல் வகை, கூரையில் போட்ட ஓட்டை இரண்டாம் வகை. அறுத்த இரும்பை ஒட்டவைக்கலாம், ஆனால் அது பழைய கூரை ஆகாது. வெட்டிய விளிம்பில் துரு தொடங்கும், மழைநீர் கசியும், ஐம்பது வருடமாக மாறாமல் இருந்த வண்டி என்ற மதிப்பும் போகும். கூரை ஃபேன் தப்பு என்று அர்த்தமில்லை. அதை வைத்து நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. ஆனால் அது வரிசையில் கடைசியாக வரவேண்டியது. காசில்லாதவை முதலில், கழற்றக்கூடியவை அடுத்து, அறுப்பது கடைசியில். பயந்துபோனவர்கள் பெரும்பாலும் கடைசியிலிருந்து தான் தொடங்குகிறார்கள். அம்மா மயங்கி விழப் பார்த்ததை நேரில் கண்ட ஒரு மகன் ரம்பம் வாங்கியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

2023 ஜூன், அதுவரை பிரிட்டனில் பதிவானதிலேயே அதிக வெப்பமான ஜூன் மாதம். அந்த மாதத்தில் ஒரு சனிக்கிழமை பாட்டியை மிகவும் கெஞ்சி ஒரே ஒரு இரவுக்கு அழைத்துப் போனார்கள். மரநிழல், வெளியே வெள்ளித் துணி, எஞ்சின் மூடி திறந்தபடி. படுக்கப் போகும்போது ஃபேன்கள் மெல்ல முனகிக்கொண்டிருந்தன. அப்பா தூங்கவே இல்லை. அம்மா எப்போது எழுந்து உட்காருவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

விடியற்காலை நான்கு மணிக்குப் பாட்டி அசைந்தார். அப்பா பதறிப்போய், "என்னம்மா? தலை சுத்துதா?" என்றார்.

"இல்லப்பா... அந்தப் போர்வையை இப்படித் தள்ளு. குளிருது."

மின்ரம்பம் இன்னும் பெட்டி பிரிக்காமல் அப்படியே இருக்கிறது.