கறையும் காவலும்

கொல்லைப்புறத்தில் அமர்ந்து தாய் வாழைத்தண்டை நறுக்கிக்கொண்டிருக்கிறாள். பள்ளிச் சீருடையோடு ஓடிவரும் மகளைப் பார்த்து, "தள்ளி நில்லம்மா! கறை பட்டால் போகாது" என்று அதட்டுகிறாள். அவள் சொல்வது உண்மைதான். வெள்ளைச் சட்டையில் வாழைச்சாறு ஒரு துளி தெறித்தாலும் போதும். எத்தனை முறை துவைத்தாலும் பழுப்பு நிறம் அங்கேயே தங்கிவிடும். நறுக்கி முடித்ததும் அவள் அடுப்பருகே செல்கிறாள். பருத்திச் சேலையின் தலைப்பு காற்றில் அசைகிறது. அதை இடுப்பில் செருகிக்கொள்ள அவளுக்கு நினைவில்லை. கறைக்கு அஞ்சிய மனம் தீக்கு அஞ்ச மறந்துவிடுகிறது.

அவள் அஞ்சிய அந்தச் சாறே பருத்தியைத் தீயிலிருந்து காக்க வல்லது என்று எவரேனும் கூறினால், அவள் நம்புவாளா?

பருத்தியைப்போல் உடலுக்கு இதமான ஆடை வேறில்லை. வியர்வையை ஈர்க்கும், காற்றை உள்ளே விடும். ஆயினும் தீக்கு முன்னால் அது மிக எளியது. காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பங்கு உயிர்வளி இருக்கிறது. பருத்தி எரிவதற்கோ 18 பங்கே போதும். வெப்பம் பட்டவுடன் பருத்தியிலுள்ள செல்லுலோஸ் சிதைந்து, எரியக்கூடிய ஆவிகளை வெளியிடுகிறது. சுடர்விட்டு எழுவது பெரும்பாலும் அந்த ஆவியே. துணி ஆவியாகாமல் கரியாகும்படி செய்துவிட்டால், தீ உணவின்றித் தளர்ந்துவிடும். துணியைக் காக்கும் கலையின் அடிப்படை இதுதான்.

இக்கலை புதியதன்று. நாடக அரங்குகளின் துணிகளைத் தீயிலிருந்து காக்க வேண்டுமென்ற பிரெஞ்சு மன்னர் பதினெட்டாம் லூயியின் விருப்பத்தின்பேரில், வேதியியல் அறிஞர் கே-லுசாக் அம்மோனியம் பாஸ்பேட், நவச்சாரம், வெண்காரம் ஆகியவற்றை ஆராய்ந்து 1821ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். ஆனால், அறிவு பிறந்த நகரிலேயே அவலமும் நிகழ்ந்தது. பாரிஸ் அரங்கின் இளம் நடனமணி எம்மா லிவ்ரி, தீக்காப்புக் கரைசலில் தோய்த்த பாவாடைகளை அணிய மறுத்தாள். அவை விறைப்பாகவும் நிறம் மங்கியும் இருந்தமையே காரணம். 1862 நவம்பரில் ஒத்திகையின்போது அவளுடைய மெல்லிய பாவாடை விளக்குச் சுடரைத் தொட்டது. எட்டுத் திங்கள் வேதனையுற்று, 1863 ஜூலையில் அவள் மறைந்தாள். அணிய மனம் ஒப்பாத காவல் காவலாகாது என்பதை அந்த இளம் உயிர் உணர்த்திச் சென்றது.

காவலே பகையாவதும் உண்டு. குழந்தைகளின் இரவுடைகளில் தீக்காப்புக்காகச் சேர்க்கப்பட்ட டிரிஸ் என்னும் வேதிப்பொருள் புற்றுநோயை விளைவிக்கக்கூடும் என்று கண்டு, 1977இல் அமெரிக்கா அதைத் தடை செய்தது. பருத்திக்கு இடப்படும் சில தீக்காப்புகளிலிருந்து கண்ணையும் தோலையும் வருத்தும் பார்மால்டிஹைடு வெளிப்படுவதும் உண்டு. ஆகவேதான் அறிவியலாரின் பார்வை இயற்கையின் பக்கம் திரும்பியது.

குலை ஈன்று முடிந்ததும் வெட்டி எறியப்படும் வாழைத்தண்டில் இந்திய ஆராய்ச்சியாளர்கள் சிலர் கருத்தைச் செலுத்தினர். பருத்தித் துணியை முதலில் டானிக் அமிலத்திலும் படிகாரத்திலும் பதப்படுத்தி, பின்னர் வாழைத்தண்டுச் சாற்றில் தோய்த்தனர். 2015இல் வெளியான அவர்களுடைய ஆய்வின்படி, அத்துணி எரிவதற்குத் தேவையான உயிர்வளியின் அளவு 18 பங்கிலிருந்து 30 பங்காக உயர்ந்தது. செங்குத்தாகத் தொங்கவிட்டு நெருப்பு வைத்தபோது, சில நொடிகள் எரிந்து தானே அணைந்தது. சாற்றிலுள்ள தாது உப்புகள் துணியைக் கரியாக்கி, எரியும் ஆவியைக் குறைத்தமையே இதன் காரணம். துணிக்கு இயல்பான காக்கி நிறமும் வாய்த்தது. கறை அங்கே சாயமாயிற்று!

இத்தாலியின் டூரின் நகரத்துப் பல்தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தாரோ பாலிலுள்ள கேசீனையும், மீனின் விந்திலிருந்து பெற்ற டி.என்.ஏ.வையும் பருத்தியில் பூசி ஆராய்ந்தனர். இவ்விரண்டிலும் பாஸ்பரஸ் உண்டு. சூடேறும்போது அது அமிலமாகிச் செல்லுலோஸைக் கரியாக்குகிறது.

எனினும், மகிழ்ச்சி முழுமையடையவில்லை. இத்தகைய இயற்கைப் பூச்சுகளின் பெரும்பகை தீயன்று, நீர். துவைக்கும்போது பல பூச்சுகள் கரைந்து போய்விடுகின்றன. துவைத்தாலும் போகாத கறை தாய்க்குக் கவலை. துவைத்தால் போய்விடும் காவல் அறிவியலாருக்குக் கவலை. அடிக்கடி துவைக்க வேண்டாத திரைச்சீலைக்கும் கூடாரத் துணிக்கும் இம்முறை பொருந்தலாம். நாள்தோறும் வியர்வையில் நனைந்து, நாள்தோறும் துவைபடும் சேலைக்கு இன்னும் வழி பிறக்கவில்லை. தீக்காப்பு யாருக்கு மிகுதியும் வேண்டுமோ, அவளுக்குத்தான் அது கடைசியாக வந்து சேரும் போலும்.

நறுக்கிய தண்டின் சாறு கொல்லைப்புறத்தில் காய்ந்து கறுத்துக் கிடக்கிறது. அடுப்பில் சுடர் எழுகிறது. வாசற்படியில் நின்ற மகள், "அம்மா, தலைப்பு!" என்று குரல் கொடுக்கிறாள். தாய் சட்டென்று தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்கிறாள். ஆய்வுக்கூடத்தின் காவல் அடுக்களைக்கு வந்து சேரும்வரை, அந்தக் குரலே அவளுக்குக் காவல்.